அவனுக்கும் ஒரு தோசை

நம்பிக்கை: கண்ணுக்குத் தெரியாத யாரிடமோ பேசும் குழந்தைக்கு மனதில் கோளாறு, அல்லது காத்து கருப்பு பட்டிருக்கிறது.

நாலு வயதுப் பிள்ளை வெறும் தரையைக் காட்டி, "அவனுக்கும் ஒரு தோசை ஊத்தும்மா" என்றால் வீடே திகைத்துப் போகிறது. பாட்டி கயிறு மந்திரிக்கக் கிளம்புகிறார். அப்பா போனில் தேடித் தேடிப் பயத்தைக் கூட்டிக்கொள்கிறார். இரண்டுக்கும் அவசியமில்லை. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஜரி டெய்லர், கற்பனைத் தோழர்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 65 சதவீதக் குழந்தைகளுக்கு ஏழு வயதுக்குள் எப்போதாவது அப்படி ஒரு தோழர் இருந்தது தெரிந்தது. உயிருள்ளதாகப் பாவித்துக் கூடவே வைத்துக்கொண்ட பொம்மைகளும் இந்தக் கணக்கில் சேரும். தோழனைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்ட ஆய்வாளர்களிடம், "இது சும்மா விளையாட்டு, நிஜமில்லை" என்று குழந்தைகளே எடுத்துச் சொன்னதையும் டெய்லர் பதிவு செய்திருக்கிறார்.

மருத்துவர்கள் கவலைப்படுவது இதற்கு நேர்மாறாக, பாவனை விளையாட்டே இல்லாதபோதுதான். ஆட்டிசத்தின் அறிகுறிகளை முன்கூட்டியே அறிய ஒன்றரை வயதையொட்டிக் கேட்கும் கேள்விகளில், "காலிக் கிண்ணத்தில் குடிப்பதுபோல, பொம்மைக்கு ஊட்டுவதுபோலப் பாவனை செய்கிறதா?" என்பதும் ஒன்று. தோழனுக்குப் பயந்து பிள்ளை தூங்கவில்லை, மற்ற பிள்ளைகளோடு சேரவே மறுக்கிறது என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, காலித் தட்டில் ஒரு பொய்த் தோசை வைப்பதால் எந்தக் கெடுதலும் வராது.

நம்பிக்கை: கற்பனை என்று தெரிந்த பிள்ளை பயப்படாது. அதனால் சோறு இறங்க ஒரு பூச்சாண்டி சொன்னால் தப்பில்லை.

இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உளவியலாளர் பால் ஹாரிஸும் சகாக்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நாலு வயது, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு முன்னால் ஒரு பெட்டியை வைத்தார்கள். அது காலி என்று திறந்தும் காட்டினார்கள். பிறகு சிலரை அதற்குள் ஒரு முயலையும், சிலரை ஓர் அரக்கனையும் கற்பனை செய்யச் சொன்னார்கள். உள்ளே எதுவும் இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கேட்டபோது அப்படியே சொன்னார்கள். ஆனாலும் ஆய்வாளர் வெளியே போகக் கிளம்பியதும், அரக்கனை நினைத்த சின்னப் பிள்ளைகளில் சிலர் அவரைப் போக விடவில்லை. 'இல்லை' என்று தெரிவதால் பயம் போய்விடுவதில்லை. பகலில் நாலு வாய்ச் சோற்றுக்காக நாம் வரவழைத்த பூச்சாண்டி, இரவு விளக்கை அணைத்ததும் கட்டிலுக்கு அடியில் வந்து படுத்துக்கொள்வான். அப்போது "பூச்சாண்டியெல்லாம் கிடையாது" என்று நாமே சொன்னால் பிள்ளை எதை நம்பும்? பசிக்கும்போது சாப்பிடட்டும். இரண்டு வாய் குறைந்தாலும் பரவாயில்லை.

நம்பிக்கை: "பாலை யானை கொட்டிடுச்சு" என்பது பொய். இப்போதே அடித்துத் திருத்த வேண்டும்.

மூன்று, நான்கு வயதில் இது பெரும்பாலும் ஆசையும் பயமும் கதையாக வெளிவருவதுதான். தப்பிக்கச் சொன்ன சொல்லாகவே இருந்தாலும் அடி வேண்டாம். "சரி, நீயும் யானையும் சேர்ந்து துடைச்சிடுங்க" என்று துணியைக் கையில் கொடுத்தால் போதும். கதையும் கெடாது, தரையும் சுத்தமாகும்.

நம்பிக்கை: கற்பனை வளர நிறைய பொம்மை வேண்டும்.

2018இல் டொலீடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றரை முதல் இரண்டரை வயதுவரையான குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும், இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நாலே பொம்மை இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள். தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, பழைய சேலை ஒன்று எனக் கொடுத்துப் பாருங்கள். கடை பொம்மைகளில் நாலைந்தை மட்டும் வெளியே வைத்துவிட்டு மிச்சத்தைப் பரணில் ஏற்றுங்கள். அவ்வப்போது மாற்றிக் கொடுக்கலாம்.