பட்வைசர் யார் வீட்டுப் பிள்ளை?

ஜூலை 4 சுதந்திர தின விருந்துக்கு அமெரிக்க நண்பர்கள் வருகிறார்கள். பட்வைசர் வாங்கி வைத்திருக்கிறேன். "அது பெல்ஜியம்காரன் பீராச்சே!" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நிஜமா? வேறு எதை வாங்கலாம்?
– எஸ்.சரவணன், நியூஜெர்சி

நிஜம்தான். பட்வைசரின் தாய்க் கம்பெனியான ஆன்ஹைசர்-புஷ்ஷை 2008-ல் சுமார் 5,200 கோடி டாலருக்கு இன்பெவ் என்ற கம்பெனி வாங்கிவிட்டது. அதன் தலைமையகம் பெல்ஜியத்தின் லூவென் நகரில். ஆனால், நீங்கள் வாங்கிய சரக்கு அமெரிக்க மண்ணில் காய்ச்சியதுதான், லாபம்தான் கப்பலேறுகிறது. 2016 கோடையில் டின்னிலிருந்து 'பட்வைசர்' என்ற பெயரையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'அமெரிக்கா' என்று அச்சடித்து விற்றார்கள். அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்!

சரி, இன்னொரு அமெரிக்க பீரான மில்லரை வாங்கலாமா என்றால், அது 2002-ல் தென்னாப்பிரிக்கர்களிடம் போய், இப்போது மோல்சன் கூர்ஸ் கையில் இருக்கிறது. அதுவும் பாதி கனடா சம்பந்தம்.

மொடேலோ பீரின் கதை இன்னும் வேடிக்கை. 2013-ல் அந்த மெக்சிகோ கம்பெனியை இதே பெல்ஜியம்காரர்கள் வளைத்துப்போட முயன்றபோது, போட்டியே இல்லாமல் போய்விடும் என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. கடைசியில் அதன் அமெரிக்க வியாபாரம் மட்டும் கான்ஸ்டலேஷன் என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. ஆக, உங்கள் ஊரில் மெக்சிகோ பீர் குடித்தால் காசு அமெரிக்கனுக்கு, அமெரிக்க பீர் குடித்தால் பெல்ஜியத்துக்கு!

நண்பர்கள் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க யூங்லிங் வாங்குங்கள். பக்கத்துப் பென்சில்வேனியாவில் 1829-லிருந்து ஒரே குடும்பம் நடத்துகிறது. கடையில் மட்டும் 'யிங்லிங்' என்று கேளுங்கள், உடனே எடுத்துத் தருவார்கள்.