சாட்சியை விசாரித்தபின் தீர்ப்பு: டிராக்டர் வேக உணரியின் பழுதறியும் முறை

முன்னுரை

உழவில் மாடு நின்ற இடத்தை டிராக்டர் பிடித்துப் பல்லாண்டுகள் ஆகின்றன. மாட்டின் நோயைக் கண்ணும் மூக்கும் பார்த்து அறிந்த உழவர், டிராக்டரின் நோயையும் ஓசை கொண்டும் புகை கொண்டும் அறிந்து வந்தார். இன்றோ டிராக்டருக்குள் மின்னணுக் கட்டுப்பாடு புகுந்துவிட்டது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு இந்தியாவில் 2023 சனவரியில் நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகள், எஞ்சினில் இப்போக்கை விரைவுபடுத்தின. பெரிய டிராக்டர்களின் கியர்ப்பெட்டியிலோ மின்னணு உணரிகள் முன்னரே இடம்பெற்றுள்ளன. பழுது இப்பொழுது ஓசையாக மட்டும் வருவதில்லை. திரையில் ஓர் எண்ணாகவும் வருகிறது. அந்த எண் ‘வேக உணரி’யைச் சுட்டியவுடன் உணரியைக் கழற்றி எறிந்து புதியது பூட்டுவது பலரது வழக்கம். அவ்வழக்கம் ஏன் தவறு என்பதையும், முறையான ஆய்வு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உணரி செய்யும் பணி

கியர்ப்பெட்டியின் உறையில் திருகப்பட்டு, உள்ளே சுழலும் பற்சக்கரத்தை நோக்கி முனை நீட்டி நிற்பது வேக உணரி. சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் முனையைக் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு எழுகிறது. 60 பற்கள் கொண்ட சக்கரம் நிமிடத்துக்கு 600 முறை சுற்றினால், நொடிக்கு 600 துடிப்புகள் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சென்றடையும். பெட்டி அத்துடிப்புகளை எண்ணி வேகத்தைக் கணக்கிட்டு, கியர் மாற்றத்தையும் கிளட்சுகளின் அழுத்தத்தையும் அதற்கேற்ப அமைக்கிறது.

இவ்வுணரிகள் பெரும்பாலும் இரு வகையின. முதல் வகையில் காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளன. மைக்கேல் பாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல் நெறிப்படி அது தானே மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. அதற்கு இரண்டு கம்பிகள் போதும். சக்கரம் மெல்லச் சுழன்றால் அதன் குரல் மெலியும். விரைந்து சுழன்றால் ஓங்கும். இரண்டாம் வகை, எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவை அடிப்படையாகக் கொண்டது. அதற்குப் பெரும்பாலும் மூன்று கம்பிகள்: ஒன்று மின்வழங்கல், ஒன்று எர்த், ஒன்று சைகை. வெளியிலிருந்து மின்சாரம் கிடைத்தால்தான் இது பேசும். ஆனால் மெல்லிய சுழற்சியிலும் தெளிவாகப் பேசும். கையில் இருப்பது எவ்வகை என்று அறியாமல் சோதனையில் இறங்குதல் கூடாது.

அறிவிப்பாளர் தொடர்

நபிமொழிக் கலையில் ஒரு செய்தி வந்தால், செய்தியை மட்டும் பார்த்து ஏற்பதோ தள்ளுவதோ இல்லை. அதைக் கொணர்ந்த அறிவிப்பாளர் தொடர் முழுவதும் ஆராயப்படும். ஒவ்வொருவரும் நேர்மையாளரா, நினைவாற்றல் உடையவரா, தொடர் எங்கேனும் அறுபட்டுள்ளதா என்றெல்லாம் நோக்குவர். இருவர் ஒரே காலத்தில் வாழ்ந்தனர் என்பதோடு அமையாமல், அவர்கள் சந்தித்தமைக்கும் சான்று வேண்டினார் இமாம் புகாரீ (ரஹ்) என்று அறிஞர் எடுத்துரைப்பர். மார்க்கக் கலையின் மாண்பு வேறு, பொறியின் நிலை வேறு. எனினும் தீர விசாரிக்கும் அம்முறை பழுதாய்வுக்கும் வழிகாட்டுகிறது.

திரையில் தோன்றும் எண் ஒரு செய்தி. பற்சக்கரம் உணரிக்குச் சொன்னது. உணரி இணைப்பிக்குச் சொன்னது. இணைப்பி கம்பிக்குச் சொன்னது. கம்பி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொன்னது. இத்தொடரில் எந்த ஒருவர் தவறினாலும் திரையில் தோன்றுவது பெரும்பாலும் உணரியின் பெயரே. எண் சுட்டுவது தொடரை. தனிப்பட்ட ஒரு பொருளை அன்று. இது மாணாக்கர் மனங்கொள்ளத்தக்கது.

ஆய்வு முறை

பழுதின் அறிகுறிகள் பலவாகும். வேகமானி முள் சுழியத்தில் நிற்கும் அல்லது துள்ளும். கியர் மாறுகையில் வண்டி குலுங்கும். சில வண்டிகள் ஒரே கியரில் ஒடுங்கிவிடும். இவற்றைக் கண்டதும் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தபின்னரே கைவைத்தல் வேண்டும். பின்வரும் ஒழுங்கு பயன் தரும்.

முதலாவது, திரையில் தோன்றிய எண்ணையும், அது எப்பொழுது தோன்றியது என்பதையும் எழுதிக்கொள்க. குளிர்ந்த நிலையிலா, சூடேறிய பின்னா, மேடுபள்ளத்திலா என்பது முக்கியம். எழுதுவதற்கு முன் எண்ணை அழிப்பது சாட்சியின் வாக்குமூலத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, கண்ணால் காண்க. சேற்றுழவு செய்த வண்டியில் இணைப்பிக்குள் சேறும் ஈரமும் புகுந்திருக்கும். அழுத்த நீரால் கழுவியதால் நீர் நுழைந்திருக்கலாம். கொட்டகையில் நின்ற வண்டியில் எலி கம்பியைக் கடித்திருக்கலாம். இரும்புச் சட்டத்தில் உராய்ந்து கம்பியின் உறை தேய்ந்திருக்கலாம்.

மூன்றாவது, சாவியை அணைத்து இணைப்பியைக் கழற்றி, ஊசிகளை நோக்குக. பச்சை பூத்த ஊசியும், வளைந்த ஊசியும், பின்வாங்கிய ஊசியும் வெளியிலிருந்து பார்த்தால் பொருந்தியிருப்பது போலவே தோன்றும். இரு முனைகளும் அருகருகே இருப்பது போதாது; அவை உண்மையில் சந்தித்தல் வேண்டும்.

நான்காவது, மல்டிமீட்டரால் அளந்து பார்க்க. மூன்று கம்பி உணரியாயின், சாவியைத் திறந்து, இணைப்பியில் மின்வழங்கலும் எர்த்தும் சரியாக வருகின்றனவா எனக் காண்க. வழங்கல் 5, 8, 12 வோல்ட் என வண்டிக்கு வண்டி வேறுபடும். கையேட்டின் அளவே முடிவானது. பின்னர்ச் சாவியை அணைத்து, இரு முனைகளையும் கழற்றி, கம்பி அறுந்துள்ளதா, சட்டத்தைத் தொடுகிறதா என்று சோதிக்க. சோதிக்கும்போது கம்பிக்கட்டை அசைத்துப் பார்த்தால் மறைந்திருக்கும் முறிவு வெளிப்படும்.

ஐந்தாவதாகவே உணரியின் முறை வருகிறது. இரண்டு கம்பி உணரியின் மின்தடையை அளந்து கையேட்டின் அளவோடு ஒப்பிடுக. மீட்டர் எல்லையற்ற தடையைக் காட்டினால் சுருள் அறுந்தது. ஏறத்தாழச் சுழியம் காட்டினால் குறுக்கிணைப்பு நேர்ந்தது. ஹால் வகைக்கு ஓம் அளவை உதவாது. மின்வழங்கலோடு வைத்து, சைகைக் கம்பியின் மின்னழுத்தம் பற்கள் கடக்குந்தோறும் மாறுகிறதா என்றே பார்த்தல் வேண்டும். ஒரே வகையான உணரிகள் இரண்டு வண்டியில் இருப்பின், இடம் மாற்றிப் பூட்டலாம். பழுது உணரியோடு இடம் மாறினால் குற்றம் உணரியுடையது. பழைய இடத்திலேயே நின்றால் உணரி குற்றமற்றது.

ஆறாவது, முனைக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியை நோக்குக. இரண்டு கம்பி உணரி விரைவில் நன்கு பேசி, மெல்லச் செல்கையில் மட்டும் மௌனமானால், இடைவெளி மிகுந்தமையோ முனையில் இரும்புத்தூள் ஒட்டியமையோ காரணமாகலாம். மாவு போன்ற நுண்தூள் வழக்கமான தேய்வு. துண்டு துண்டாக இரும்பு ஒட்டியிருப்பின் பற்சக்கரமே உடைந்து வருகிறது என்று பொருள். அங்கே தூளைத் துடைத்துப் பூட்டி அனுப்புதல் பெருங்கேடாகும்.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் மீது ஐயங்கொள்வது எல்லாவற்றிற்கும் இறுதியிலேயே. பழுது நீக்கியபின் எண்ணை அழித்து, எல்லாக் கியர்களிலும், வண்டி நன்கு சூடேறும்வரை ஓட்டிப் பார்த்தாலன்றி ஆய்வு நிறைவுறாது.

உண்மை சொன்ன சாட்சி

இங்கே நுட்பமான ஒன்று உண்டு. கியர்ப்பெட்டியின் நுழைவிலும் வெளிவாயிலும் தனித்தனி உணரிகள் உள்ள வண்டிகளில், இரு வேகங்களும் குறித்த விகிதத்தில் இருத்தல் வேண்டும். கிளட்சு வழுக்கினால் விகிதம் கெடும், எச்சரிக்கை தோன்றும். அப்பொழுது உணரிகள் இரண்டும் உண்மையையே உரைக்கின்றன. அவற்றை மாற்றுவது உண்மை சொன்ன சாட்சியைத் தண்டித்து, குற்றவாளியை விடுவிப்பதாகும். புதிய உணரியும் பழைய செய்தியையே சொல்லும். இதற்கிடையில் கிளட்சு எரியும்; உழவரின் செலவு பன்மடங்காகும்.

இவ்விழப்பு பணத்தோடு நிற்பதில்லை. நடவு நாளில் டிராக்டர் நின்றால், வாடகைக்கு அழைத்தவரின் நாற்று முதிர்கிறது. வண்டி வைத்திருப்பவரின் கடன் தவணை காத்திருப்பதில்லை. பாகம் தவறென்று அறிந்தபின் அடுத்த பாகத்துக்குக் காத்திருக்கும் நாள்களை எவரும் திருப்பித் தர இயலாது.

முடிவுரை

செய்தி வந்தால் தெளிவாக விசாரித்தறிய வேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடலாகாது என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் வலியுறுத்துகிறது. பட்டறையிலும் அப்பண்பு வேண்டற்பாலது. பழுதறிதல் அறிவின் பாற்பட்டது மட்டுமன்று. பிறர் பொருளைக் கையாளும் அமானிதத்தின் பாற்பட்டதும் ஆகும்.

தமிழ் பயில்வோர்க்கும் இதில் கடமை உண்டு. ஆங்கிலக் கையேட்டின் பத்துப் பக்கங்களைப் படிக்க இயலாத காரணத்தால், நல்ல கைத்திறன் உடைய மெக்கானிக் ஊகத்தின்மேல் பாகம் மாற்றுகிறார். அவரும் உழவரும் நாளும் வழங்கும் சொற்களைக் கொண்டு, இவ்வாய்வு ஒழுங்கை ஒரே தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டலாம். உணரி எனினும் சென்சார் எனினும் அவருக்கு விளங்கும் சொல்லே நல்ல சொல். அறிவியல் தமிழ் நூலகத்தில் மட்டும் வளர்வதன்று. எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளிலும் அது வளர்தல் வேண்டும்.