கல்லூரிப் பயிற்சியாளரும் ஒப்பந்தச் சட்டமும்

பெங்களூரின் வடமேற்கே, துமகூரு சாலையை ஒட்டி 1970களில் உருப்பெற்ற பீன்யா தொழிற்பேட்டையில் பட்டறை நடத்துவோர் அறிந்த சிக்கல் ஒன்று உண்டு. பயிற்றுவித்த கைதேர்ந்த தொழிலாளி அடுத்த தெருப் பட்டறைக்குச் சென்றுவிட்டால் என் செய்வது? கல்லூரி விளையாட்டுத் துறையிலும் இதே வினா எழுகின்றது.

அப்பகுதிக் கல்லூரி ஒன்று ஹாக்கிப் பயிற்சியாளரை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்துவதாகக் கொள்வோம். ஓராண்டு கழித்து, பல்கலைக்கழகப் போட்டிகள் நெருங்கும் வேளையில், வேறொரு கல்லூரியின் அழைப்பை ஏற்று அவர் விலகுகிறார். அணி பாதியில் நிற்கிறது. எனினும், திரும்பி வந்து பயிற்சியளிக்குமாறு அவரை நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. ஒருவரது தனித்திறனைச் சார்ந்த பணியை ஆணையிட்டுப் பெற இயலாதென்பதே 1963ஆம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டத்தின் நிலை.

பிறரிடம் பணியாற்றாமல் தடுக்கலாமா? ஒப்பந்தக் காலத்திற்குள் நியாயமான தடை செல்லும் என 1967இல் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. காலம் முடிந்தபின் நீளும் தடையோ 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான வழக்கில் 2006இல் இது மீண்டும் உறுதியாயிற்று.

ஆகவே எஞ்சுவது இழப்பீடு. ஒப்பந்தத்தில் குறித்த தொகை முழுவதும் கிடைத்துவிடும் எனக் கருதலாகாது. 74ஆம் பிரிவின்படி அத்தொகை உச்சவரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமானதே கிடைக்கும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த விஜயா வங்கியின் வழக்கில், மூன்றாண்டுக்குமுன் விலகினால் ரூ. 2 லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025இல் ஏற்றது. பொதுத்துறை நிறுவனம் மீண்டும் ஆளெடுப்பதற்கு ஆகும் செலவும் காலமும் அங்கே கருதப்பட்டன.

பயிற்சியாளருக்கே உரிய வழக்கு அமெரிக்காவில் உண்டு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர் ஜெர்ரி டினார்டோ 1994இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். பிடித்தங்கள் போன அடிப்படைச் சம்பளத்தை எஞ்சிய ஆண்டுகளால் பெருக்கித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். இது தண்டனையன்று, செல்லத்தக்க இழப்பீடே என மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. அந்த ஒப்பந்தத்தில் கவனிக்கத்தக்கது மற்றொன்று: பல்கலைக்கழகம் அவரை நீக்கினாலும் எஞ்சிய சம்பளத்தைத் தர ஒப்பியிருந்தது.

நம் அலுவலர்கள் எளிதில் மறப்பது இதைத்தான். காரணமின்றி நீக்கும் உரிமையை ஒருபுறம் வைத்துக்கொண்டு மறுபுறத்தை மட்டும் பிணைப்பது முறையன்று. பொதுத்துறைக் கழகம் ஒன்றின் அத்தகைய விதியை 1986இல் பிரஜோநாத் கங்கூலி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது.

நம் பீன்யாக் கல்லூரி, விளம்பரச் செலவு, இடைக்காலப் பயிற்சியாளரின் ஊதியம் முதலியவற்றைக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் குறையும் தொகையாக எழுதலாம். போட்டிப் பருவத்தின் நடுவே விலகாதவாறு அறிவிப்புக் காலத்தையும் அமைக்கலாம். தானே நீக்க நேர்ந்தால் தரவேண்டிய தொகையும் அதே தாளில் இடம்பெற வேண்டும்.