இரவு ஒன்பது மணிக்குத் திறக்கும் கதவு

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்தின் அந்தக் கூடத்தில் சிறுவர்கள் பைபிள் வகுப்புக்காக அமர்ந்திருப்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு அதே கூடம் வேறோர் இடமாக மாறுகிறது. நாற்காலிகள் சுவரோரம் அடுக்கப்படுகின்றன. தரையில் போதிய இடைவெளி விட்டு மெத்தைகள் விரிக்கப்படுகின்றன. கதவருகே ஒரு மேசை. அதன்மேல் ஒரு பெயர்ப்பட்டியல், சுடுநீர்க் குடுவை, மைலோ பொட்டலங்கள். சற்று நேரத்தில் ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வரத் தொடங்குகிறார்கள். ஒருவர் துப்புரவாளர் சீருடையிலேயே வருகிறார். இன்னொருவர் தம் உடைமைகள் அனைத்தையும் ஒரு சக்கரப் பையில் இழுத்துக்கொண்டு வருகிறார். அன்றிரவு உறங்குவதற்கு அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

சிங்கப்பூரில் இப்படி இரவு நேரத்தில் கதவைத் திறந்துவைக்கும் தேவாலயங்கள் உள்ளன. இடத்துக்கு இடம் நடைமுறை சற்று மாறினாலும், அங்கு நடக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

“சிங்கப்பூரில் வீடில்லாதவர்களா?” என்று நீங்கள் வியக்கலாம். வியப்பில் தவறில்லை. நம்மில் பெரும்பாலோர் வீவக வீடுகளில் வளர்ந்தவர்கள். பள்ளிக்குக் கிளம்பும்போது புளோக்கின் கீழ்த்தளத்தில் யாரும் படுத்திருப்பதை நாம் பார்ப்பது அரிது. வெளியில் உறங்குவோர் பெரும்பாலும் நாம் படுத்த பிறகு படுத்து, நாம் எழுவதற்கு முன்பே எழுந்துவிடுகிறார்கள். அதனால்தான் 2019-ஆம் ஆண்டு லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி நாடளாவிய ஆய்வொன்றை நடத்தியபோது, நூற்றுக்கணக்கான தொண்டூழியர்கள் நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் தெருத்தெருவாக நடந்து எண்ண வேண்டியிருந்தது. வெளியில் உறங்குவோர் 921 முதல் 1,050 பேர் வரை இருக்கலாம் என அவர்கள் மதிப்பிட்டார்கள்.

அந்த ஆய்வு சொன்ன மற்றொரு செய்தி இன்னும் முக்கியமானது. பேட்டி காணப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேலையில் இருந்தார்கள். துப்புரவாளர்களாகவும் பாதுகாவலர்களாகவும் பிறர் இடங்களைக் கவனித்துக்கொண்டவர்கள் பலர். சோம்பலால்தான் ஒருவர் தெருவுக்கு வருகிறார் என்னும் எண்ணம் இந்த ஓர் உண்மைக்கு முன் நிற்காது.

பிறகு ஏன் வீடில்லை? மணமுறிவின்போது வீட்டை விற்றவர் இருக்கிறார். பிள்ளைகளோடு மனக்கசப்பு ஏற்பட்டு வெளியேறியவர் இருக்கிறார். கடன் தொல்லையால் முகம் காட்டத் தயங்குபவரும் உண்டு. சிலருக்கு வாடகை வீடு பெயரளவில் இருந்தும் அங்கே தங்க முடிவதில்லை. வருமானம் குறைந்த ஒற்றையர் இருவர் ஒரு வாடகை வீட்டைப் பகிர்ந்துகொள்வதே வழக்கமான ஏற்பாடு. முன்பின் அறியாத இருவர் ஒரே அறையில் வாழ்வதை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு இரவு முழுவதும் தொலைக்காட்சி ஓட வேண்டும். மற்றவர் விடியற்காலை நான்கு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். சண்டை முற்றினால் இருவரில் அமைதியானவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறார். இந்தச் சிக்கலை உணர்ந்துதான், 2021-இன் இறுதியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதிய முன்னோடித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன்படி, பொருத்தமான அறைத்தோழரைத் தேர்ந்து சேர்ப்பதைச் சமூக சேவை அமைப்பு ஒன்று கவனித்துக்கொள்கிறது.

வீடற்றோருக்குத் தேவாலயம் இடம் தருவது புதிய வழக்கம் அன்று. தெரியாதவராக வந்து நிற்பவரை ஏற்றுக்கொள்வது இறைவனையே ஏற்றுக்கொள்வதாகும் என்று மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. கிழக்கு லண்டனில் 1865-இல் வில்லியம் பூத் தொடங்கிய பணி பின்னர் இரட்சணிய சேனையாக வளர்ந்தது. அது 1888-இல் லைம்ஹவுஸ் வட்டாரத்தில் ஓர் இரவுத் தங்குமிடத்தைத் திறந்தது. சில பென்னிகள் கொடுத்தால் அங்கே உணவும் படுக்கையும் கிடைத்தன. முற்றிலும் இலவசமாகக் கொடுத்தால் பெறுபவரின் தன்மதிப்பு குன்றும் என்பது பூத்தின் கருத்து. அதே சேனை 1935-இல் சிங்கப்பூருக்கும் வந்தது.

அந்தக் காலத்து அமெரிக்கத் தங்குமிடங்கள் பலவற்றில் முதலில் பிரசங்கம், பிறகுதான் சூப். பசித்த வயிற்றோடு கேட்கும் பிரசங்கம் எவ்வளவு மனத்தில் தங்கியிருக்கும் என்பது ஐயமே. இன்றைய சிங்கப்பூரின் இரவுத் தங்குமிடங்களுக்கு எந்த இனத்தவரும் எந்தச் சமயத்தவரும் வரலாம். 2019-இல் சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சு அரசாங்க அமைப்புகளையும் சமய, சமூக அமைப்புகளையும் ஒரே கட்டமைப்பில் இணைத்தது. அதன்கீழ்த் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் பிற அமைப்புகளும் ‘பாதுகாப்பான உறங்குமிடங்களை’ நடத்துகின்றன.

கொவிட்-19 பரவியபோது இந்த ஏற்பாடு கடும் சோதனையைச் சந்தித்தது. 2020 மார்ச் 18-இல் மலேசியா தன் எல்லையை மூடியதும், ஜொகூரிலிருந்து நாள்தோறும் வேலைக்கு வந்துபோன சிலர் கிராஞ்சி ரயில் நிலையத்துக்கு அருகே படுத்துறங்க நேர்ந்தது. ஏப்ரல் 7-இல் சிங்கப்பூரின் கிருமி முறியடிப்புக் காலம் தொடங்கியது. எல்லாரும் வீட்டிலேயே இருங்கள் என்றால், வீடில்லாதவர் எங்கே இருப்பது? வழிபாடு நிறுத்தப்பட்டதால் காலியாகக் கிடந்த தேவாலயக் கூடங்கள் பல அப்போது திறக்கப்பட்டன. மறு ஆண்டு நடந்த ஆய்வில் தெருவில் 616 பேரும் தற்காலிகத் தங்குமிடங்களில் 420 பேரும் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. மொத்த எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஆனால், அவர்களில் பலர் தலைக்குமேல் இப்போது கூரை இருந்தது.

இனி அந்தக் கூடத்துக்கு வருவோம்.

தொண்டூழியரின் முதல் வேலை கதவருகே நிற்பது. எளிதாகத் தோன்றும் இந்த வேலைக்குத்தான் பொறுமை மிகுதியாகத் தேவை. வருபவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். “வாங்க அங்கிள், சாப்பிட்டாச்சா?” என்று கேட்க வேண்டும். அடையாள அட்டையைச் சரிபார்ப்பது, மருந்துகளை நினைவூட்டுவது, பையை வைக்க இடம் காட்டுவது எல்லாம் அதன் பிறகுதான். புதிதாக வந்தவரிடம் “ஏன் வீட்டை விட்டு வந்தீர்கள்?” என்று கேட்பதைத் தொண்டூழியர்கள் தவிர்க்கிறார்கள். அந்தக் கேள்வியைப் பல அலுவலகங்களில் பலமுறை கேட்டுச் சலித்துப்போனவர் அவர்.

குளியலுக்குப் பிறகு சிலர் மைலோவுடன் உட்கார்ந்து பேசுகிறார்கள். பேச்சு பெரும்பாலும் கால்பந்தைப் பற்றியோ கால் வலியைப் பற்றியோ இருக்கும். சிலர் பேசுவதே இல்லை. வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார்கள். அதையும் மதிக்கப் பழக வேண்டும். பதினொரு மணிக்கு முன்பே விளக்குகள் அணைக்கப்படுகின்றன. அந்த இரவுக்குப் பொறுப்பான இருவர் மட்டும் விழித்திருக்கிறார்கள். குறட்டைச் சத்தம் தாங்காமல் ஒருவர் எழுந்து வருவார். கைப்பேசியைக் காணவில்லை என்று இன்னொருவர் பதறுவார். அது தலையணைக்கு அடியிலேயே இருக்கும். சில இரவுகளில் ஆம்புலன்சை அழைக்கவும் நேரிடும்.

காலை ஏழு மணிக்குள் கூடம் காலியாக வேண்டும். மெத்தைகளைத் துடைத்து அடுக்குகிறார்கள், கழிவறைகளைக் கழுவுகிறார்கள். இதில் தங்கியவர்களும் கைகொடுக்கிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தாமலேயே துடைப்பத்தை எடுத்துக்கொள்பவர், பகலில் பேரங்காடியொன்றில் அதே வேலையைச் செய்பவராக இருக்கலாம்.

விதிகள் இல்லாமல் இவ்விடங்களை நடத்த முடியாது. குடித்துவிட்டு வரக் கூடாது, கைகலப்பு கூடாது, குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு கதவு திறக்காது. இருப்பினும் எல்லா விதிகளும் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. இரவு முழுவதும் பன்னிரண்டு மணி நேரம் காவல் இருக்கும் பாதுகாவலருக்குப் பகலில்தான் உறக்கம் வேண்டும். அப்போது கூடம் பூட்டியிருக்கும். இரவு மட்டும் திறந்திருக்கும் தங்குமிடத்தின் பெரிய குறை இதுதான். பகல், இரவு இரண்டிலும் தங்கக்கூடிய இடைக்காலத் தங்குமிடங்களை வேறு அமைப்புகள் நடத்துகின்றன. தொண்டூழியர் அவரை அங்கே அனுப்பி வைக்க முயல்கிறார்.

தங்குமிடம் வீடாகிவிடாது. வருபவர் சில வாரங்களிலோ மாதங்களிலோ சொந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதே நோக்கம். அதற்குச் சமூக ஊழியரின் உதவி வேண்டும், விண்ணப்பங்கள் வேண்டும், தொலைந்துபோன ஆவணங்களைத் திரும்பப் பெற வேண்டும். பலர் இதற்கு உடனே சம்மதிப்பதில்லை. முன்பு ஒருமுறை விண்ணப்பித்து மறுக்கப்பட்டவருக்கு மீண்டும் அந்த வரிசையில் நிற்கப் பிடிக்காது. ஒரு தொண்டூழியர் வாரம் தவறாமல் வந்து, மைலோ கலக்கிக் கொடுத்து, எதையும் வற்புறுத்தாமல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் அவரே, “அந்தப் பாரத்தைக் கொண்டா பாய், எழுதலாம்” என்கிறார். இந்த ஒரு வாக்கியம் வருவதற்குச் சில வேளை மூன்று மாதங்கள் ஆகின்றன. நல்ல உறக்கம் இதற்குத் துணைசெய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். காவலர் எழுப்புவாரோ, பை திருடு போகுமோ என்று இரவெல்லாம் அஞ்சிக் கிடப்பவரால் அடுத்த மாதத்தைப் பற்றி யோசிக்க முடியாது.

2022 நவம்பரில் அமைச்சு ஒரே இரவில் நடத்திய கணக்கெடுப்பில் 530 பேர் வெளியில் உறங்குவது தெரியவந்தது. அவர்களைத் தேடிச் சில தொண்டூழியர் குழுக்கள் இரவில் ரொட்டியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு நடக்கின்றன. கூடத்துக்கு வர மறுப்பவரிடம் அடுத்த வாரமும் போகிறார்கள்.

வாடகை வீட்டின் சாவி கிடைத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. தொண்டூழியர்கள் மின்விசிறி, அரிசி வேகவைக்கும் பானை, இரண்டு தட்டுகள் ஆகியவற்றைத் திரட்டிக் கொடுக்கிறார்கள். முதல் சில வாரங்கள் தனிமை சிலரை வாட்டுகிறது. பழைய இடத்துக்கே திரும்பிப் போய்ப் படுத்தவர்களும் உண்டு. ஆகவே, சனிக்கிழமை மாலையில் அவருடைய புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் யாராவது ஒருவர் அவருக்காகக் காத்திருக்கிறார். அவர் விட்டுச் சென்ற மெத்தைக்குப் புதிய உறை போடப்படுகிறது. கதவருகே உள்ள பட்டியலில் இன்னொரு பெயர் சேர்கிறது.