தரங்கம்பாடியில் ஒரு நடை

ஆலங்குடியிலிருந்து புறப்படுவோர் புதுக்கோட்டை, தஞ்சாவூர், மயிலாடுதுறை வழியே பேருந்தில் தரங்கம்பாடியை அடையலாம். மயிலாடுதுறையிலிருந்து இங்கு வந்த இரயில் 1986இல் நின்றுபோயிற்று. ஊருக்குள் சுற்றிவர ஊர்தி வேண்டா, கால்களே போதும்.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு டென்மார்க் நாட்டினர் இங்கே வணிகத்தளம் அமைத்து, மதில் சூழ்ந்த சிறுநகரை உருவாக்கினர். 1792இல் கட்டப்பட்ட வெண்ணிற நகரவாயிலைக் கடந்தால், கிங் வீதி கிழக்கே கடலை நோக்கிச் செல்கிறது. வழி கேட்க வேண்டியதில்லை, கடற்காற்றே வழிகாட்டும்.

அவ்வீதியில் 1701இல் எழுந்த சீயோன் ஆலயம் ஐரோப்பியருக்கானது. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் மக்களுக்காகப் புதிய எருசலேம் ஆலயத்தை 1718இல் எழுப்பினார். இரண்டுக்கும் இடையே சிறிது தொலைவுதான். ஆயினும் இரண்டு ஆலயங்கள் ஏன் தேவைப்பட்டன என்று எண்ணியவாறே அத்தொலைவைக் கடத்தல் வேண்டும். தமிழில் புதிய ஏற்பாட்டை இவ்வூரில் அச்சேற்றிய சீகன்பால்குவின் கல்லறை இவ்வாலயத்தினுள்ளேயே உள்ளது.

கடற்கரையில் டேனியக் கோட்டை நிற்கிறது. அதனுள் அருங்காட்சியகம் உண்டு. 1845இல் டேனியர் இந்நகரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். கோட்டையைக் கண்டதும் திரும்பிவிடுவோர் பலர், அது பிழை. கரையோரமாக வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில் தென்படும். 1306இல், குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த இக்கோயில், டேனியர் வருகைக்கு முந்நூறு ஆண்டுகள் மூத்தது. இதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சியதைக் காக்கக் கரையில் கருங்கற்களைக் குவித்துள்ளனர். இன்று அலைகள் மோதும் இடத்தில்தான் முன்பு கோயிலின் முகப்பு இருந்தது.