மலத்தை அடக்க முடியவில்லையா? படம் பார்த்த பிறகே ஆபரேஷன்



வெளியே சொல்லக் கூசும் ஒரு நோயைப் பற்றி இம்மாதம் பார்ப்போம். காற்றோ மலமோ அடக்க முடியாமல் தானாகப் போய்விடுகிறது. துணி கெட்டுவிடுமோ என்று பயந்து, பெரட்டுக்கும் போகாமல் கோயில் திருவிழாவுக்கும் போகாமல் சில பெண்கள் வீட்டிலேயே முடங்கிவிடுகிறார்கள். "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

ஆசனவாயைச் சுற்றி இரண்டு சதை வளையங்கள் உண்டு. உள்வளையம் நாம் நினைக்காமலே, தூக்கத்திலும் மூடியிருக்கும். வெளிவளையம் நாம் இறுக்கினால் இறுகும். பிரசவத்தில், முக்கியமாக ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுக்கும்போது, இவை கிழியலாம். மேல்தோல் ஆறிவிடும், உள்ளே கிழிசல் அப்படியே இருக்கும். 1993-ல் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், தலைப்பிரசவமான 79 தாய்மாரில் 28 பேருக்கு இப்படிச் சேதம் தெரிந்தது. அவர்களில் பலருக்கு அப்போது ஒரு தொந்தரவும் இல்லை. வயதாகிச் சதை தளரும்போதும் தொந்தரவு தலைகாட்டலாம்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? விரல் பருமனுள்ள ஒரு கருவியை ஆசனவாயில் வைத்து, ஒலி அலையால் படம் எடுப்பார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேன் போலத்தான். கத்தி இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை, மயக்க மருந்தும் தேவையில்லை. சில நிமிட வேலை. உள்வளையம் கறுப்பாகவும் வெளிவளையம் வெளுப்பாகவும் தெரியும். எங்கே, எவ்வளவு அறுந்திருக்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இந்தப் படம் ஏன் முக்கியம்?

1. வெளிவளையம் அறுந்திருந்தால், இரண்டு நுனியையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தைக்கலாம்.

2. வளையம் முழுசாக இருந்தால் தைக்க ஒன்றுமில்லை. நரம்பு பலவீனமாக இருக்கலாம். பயிற்சி, சாப்பாட்டு மாற்றம், மருந்து என்று வேறு வழிகள் உண்டு.

3. எம்.ஆர்.ஐ. படம் சதை மெலிந்திருக்கிறதா என்று காட்டும். மிகவும் மெலிந்த சதையைத் தைத்தால் பலன் குறைவு.

4. ஆபரேஷனுக்குப் பிறகும் மலம் அடங்காவிட்டால், மறுபடி ஸ்கேன் எடுத்துத் தையல் பிடித்திருக்கிறதா, விட்டுப்போனதா என்று பார்க்கலாம்.

தைத்த பலன் வருடங்கள் போகப் போகக் குறையவும் கூடும். ஆகவே சம்மதக் கையெழுத்துப் போடும் முன், "படத்தில் என்ன தெரிகிறது, டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தோட்ட ஆஸ்பத்திரியில் இந்தப் படம் எடுக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்க வேண்டும். என்னைப் போன்ற டிரஸரிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். எத்தனை பிரசவம், ஆயுதம் போட்டார்களா, தையல் போட்டார்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மலத்தோடு இரத்தம் போனாலோ, மலம் போகும் வழக்கம் திடீரென மாறினாலோ, ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

கணவன்மார்களே, இது கேலிக்குரிய விஷயமல்ல. நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள்.