மேல் முறையீடு: நிலத்திற்கும் குழந்தைக்கும்

கரிசல் நிலத்தில் வானம் பார்த்து விதைப்பவரும், தறியில் அமர்ந்து நெய்பவரும் கோர்ட்டுப் படியேற விரும்புவதில்லை. எனினும் கயத்தாறு வட்டாரத்தில் நான்கு வழிச் சாலை வந்தது, காற்றாலைகள் எழுந்தன. நிலத்திற்கு விலை கூடும் இடத்தில் வழக்கும் கூடுகிறது. குடும்பப் பிணக்கில் குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கும் எழுகிறது. முதல் கோர்ட்டில் தோற்றவுடன் எல்லாம் போயிற்றென்று வாளாவிருக்கும் அங்கத்தினரை முன்னிட்டே இப்பாடத்தை எழுதுகிறோம்.

மேல் முறையீடு என்பது புதிய வழக்கன்று; கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பு சரியா என்று மேல்கோர்ட்டு ஆராய்வதேயாகும். முன்பு காட்டாத சாட்சியத்தை அங்கே எளிதில் ஏற்கமாட்டார்கள். ஆகவே பட்டா, அடங்கல், கிஸ்தி ரசீது, மூலபத்திரம் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே தாக்கல் செய்தல் வேண்டும். இரண்டாம் மேல் முறையீட்டில் முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தாலன்றி ஐக்கோர்ட்டு தலையிடாது. நம் பகுதி வழக்குகளுக்கு 2004-ஆம் ஆண்டு முதல் மதுரையிலேயே ஐக்கோர்ட்டுக் கிளை உள்ளது.

மேல் முறையீட்டில் முழு வெற்றியும் முழுத் தோல்வியும் மட்டுமே உண்டென எண்ணலாகாது. சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிக்கைகளைச் சென்னை ஐக்கோர்ட்டு 8-4-2019-இல் ரத்துச் செய்தது. 8-12-2020-இல் சுப்ரீம் கோர்ட்டு, அறிவிக்கைகள் செல்லும் என்றது; ஆயினும் வருவாய்ப் பதிவேடுகளை நில உடைமையாளர் பெயருக்கே திருப்புக என்ற ஆணையை நிலைநிறுத்தியது. சாலை வரலாம்; ஆனால் முறைப்படி நிலம் எடுக்குமுன் பட்டாவை மாற்றலாகாது என்பதே இதன் கருத்து.

2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி நிலம் எடுக்கப்பட்டால், இழப்பீட்டை ஆட்சேபத்துடன் பெறுவதாக எழுதியே பெறுக. ஆட்சேபமின்றிப் பெற்றவர் பின்னர் கூடுதல் தொகை கோர இயலாது.

இனிக் குழந்தை வழக்கு. 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் காப்பாளர் சட்டம், மைனரின் இயற்கைக் காப்பாளர் தந்தை என்றும், அவருக்குப் பின் தாய் என்றும் கூறுகிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் கடன்பத்திரம் கோரித் தாமே கையெழுத்திட்டபோது, தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கேட்டது. 1999-இல் சுப்ரீம் கோர்ட்டு, "பின்" என்பதற்குத் தந்தையின் மரணத்திற்குப் பின் என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது என்றது. தந்தை குழந்தையின் காரியங்களைக் கவனியாதிருந்தாலும், இருவரும் இசைந்து தாயிடம் பொறுப்பை விட்டிருந்தாலும் தாயே காப்பாளர் ஆவார்.

குழந்தை யாரிடம் இருத்தல் வேண்டும் என்பதில் பெற்றோரின் உரிமையைவிடக் குழந்தையின் நலமே முதன்மையானது. சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 1973-லேயே சுப்ரீம் கோர்ட்டு இதை வலியுறுத்தியது.

நிலமும் குழந்தையும் ஒன்றுசேரும் இடமும் உண்டு. கணவனை இழந்த தாய், மைனர் மகனுக்குத் தனியே உரிய இரண்டு ஏக்கரைக் கோர்ட்டு அனுமதியின்றி விற்றார் என்று கொள்வோம். மகன் 18 வயது நிரம்பிய பின் மூன்று ஆண்டுகளுக்குள் அவ்விற்பனையை ரத்துச் செய்யக் கோரலாம். ஆகவே விற்பவரும் வாங்குபவரும் முதலில் அனுமதி பெறுதலே நலம்.

காலக்கெடுவை மறத்தலாகாது. சிவில் வழக்கில் ஜில்லாக் கோர்ட்டுக்கு மேல் முறையீடு செய்ய 30 நாள். ஐக்கோர்ட்டுக்கு 90 நாள். குடும்பக் கோர்ட்டின் தீர்ப்பாயின் 30 நாளே. தீர்ப்பு நகல் பெறச் செல்லும் நாட்கள் இக்கணக்கிலிருந்து கழியும். எனவே தீர்ப்பன்றே நகலுக்கு மனுச் செய்க. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராது இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்:

1. இழப்பீடு பெறும்போது என்ன எழுதிப் பெறல் வேண்டும்? ஏன்?

2. தாய் எந்நிலையில் மைனரின் காப்பாளர் ஆவார்?

3. நம் வீட்டு நிலப் பத்திரங்கள் இப்போது எங்கே உள்ளன?